விழுந்தால் மறுபடி ஏவு!

பினாங்கு என்றாலே நமக்குத் தண்ணீர்மலையும் நாசி கண்டாரும்தான் நினைவுக்கு வரும். கடந்த பள்ளி விடுமுறையில் நான் போனது வேறு வேலையாக. கல்லூரியில் கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிக்கும் என் அக்கா மகள், "சித்தி, எங்க கேமை விளையாடிப் பார்க்க ஆள் வேணும், வாங்க" என்று அழைத்திருந்தாள். அருங்காட்சியகத்தில் வைப்பதற்கேற்ற விண்வெளி விளையாட்டு ஒன்றின் மாதிரியை நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்கிறார்கள். படிப்பின் ஒரு பகுதி அது.

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனில் இறங்கி, லிட்டல் இந்தியாவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, சூலியா சாலை வழியாக நடந்தேன். கொம்தார் கோபுரம் கூடவே வந்துகொண்டிருந்தது. 1980களில் 65 மாடிகளோடு எழும்பிய அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கத்தில், பாதிப் பந்தைக் கவிழ்த்தது போன்ற கூரை உண்டு. கொம்தாரை வடிவமைத்த லிம் சோங் கியாட்டின் நண்பர்தான், முக்கோணங்களை இணைத்துக் கட்டும் இந்தக் குவிமாட முறையை உலகெங்கும் பரப்பிய பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 2016 முதல் அதற்குள் இயங்குகிறது 'டெக் டோம்' அறிவியல் மையம். ரோபோ, ஒளி, விசை, மின்காந்தம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம்.

"சித்தி, பொருளைப் பார்க்காதீங்க. பிள்ளைங்களைப் பாருங்க" என்றாள் அக்கா மகள். பார்த்தேன். அறிவிப்புப் பலகையைப் படித்த பிள்ளைகள் மிகக் குறைவு. கை முதலில் போகிறது, கண் பிறகுதான். தொட்டதும் ஏதாவது நடந்தால் நிற்கிறார்கள். நடக்காவிட்டால் அடுத்ததற்கு ஓட்டம். பின்னால் வரும் அப்பாதான் பலகையைப் படித்துவிட்டு, "தம்பி, இங்க வா" என்று கூப்பிடுகிறார். வானொலியிலும் இதே கதைதான். முதல் சில வினாடிகளில் பிடிக்காவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார்.

பிறகு மாமாக் கடை மேசையில் மடிக்கணினி திறந்தது. விளையாட்டின் கரு ரசாக்சாட். கொம்தாரைப் போலவே துன் அப்துல் ரசாக்கின் பெயர் தாங்கிய நம் நாட்டுச் செயற்கைக்கோள். 2009 ஜூலை 14ஆம் தேதி பசிபிக் கடலின் குவாஜலின் தீவுத் திட்டிலிருந்து ஏவப்பட்டது. பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றும். இதுவோ பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றி, ஒரு நாளில் ஏறத்தாழ 14 முறை நம் பக்கம் வந்து போகும்படி அமைந்தது.

விளையாட்டில் வேகத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தால் பூமியில் விழும், மிகுந்தால் திரும்பாமலே போய்விடும். வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகம் வாய்த்தால்தான் சுற்றும். முதல் மாதிரியில் தவறினால் திரை சிவந்து 'தோல்வி' என்று வரும். அக்காவின் கடைக்குட்டி, எட்டு வயதுக்காரன், இரண்டு முறை தோற்றதும் கைபேசியைக் கேட்டுவிட்டானாம். நானும் மூன்று முறை தோற்றேன். விலகத்தான் தோன்றியது.

இரண்டாவது மாதிரியில் 'தோல்வி' இல்லை. விழுந்த பாதை புள்ளிக்கோடாகத் திரையிலேயே நிற்கிறது. அடுத்த முறை அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம். ஒரு சொல்லும் படிக்க வேண்டாம்.

முடிவில்தான் சண்டை. மூன்றாண்டு உழைக்க வேண்டிய ரசாக்சாட், ஏறத்தாழ ஓராண்டிலேயே செயலிழந்தது. "பிள்ளைங்க விளையாடுற இடத்துல அது எதுக்கு?" என்றான் ஒருவன். "நடந்ததை மறைக்கலாமா?" என்றாள் இவள்.

எனக்கு 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்' ஞாபகம் வந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் எழுதிய அந்த விண்வெளி விளையாட்டில், நண்பர் ஒருவர் உண்மையான நட்சத்திரங்களைச் சேர்த்தார். இன்னொருவர் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். முதல் வடிவம் நன்றாகத்தான் இருந்தது, யாரும் அதோடு விடவில்லை. அந்தக் காலக் கணினியிலேயே அதை இன்றும் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இயக்கிக் காட்டுகிறார்கள்.

கடைசியில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். செயற்கைக்கோள் சுற்றுகிறது, 'பீப், பீப்' என்று சமிக்ஞை வருகிறது. திடீரென்று நின்றுபோகிறது. திரையில் ஏவுதளம் மட்டும் மீண்டும் தோன்றுகிறது.

வானொலியில் சத்தம் நின்றால் எங்களுக்கு உயிரே போய்விடும். அன்று மாலை அக்கா வீட்டில் அந்த நிசப்தம் வந்தபோது, கடைக்குட்டி கைபேசியைக் கேட்கவில்லை.

"ஏன் சத்தம் நின்னுபோச்சு?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மகள் என் கையை அழுத்தினாள். அவன் ஏவுதளத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தினான்.

பினாங்கு போனால் கொம்தாருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அவர்கள் தடுமாறும்போது மட்டும் உடனே கை நீட்டாதீர்கள்.