எல்லாவற்றுக்கும் 'சரிப்பா'!

மகன் போனில் என்ன கேட்டாலும் அம்மாவின் பதில் "சரிப்பா"தான். காதில் விழாததை மறைக்க அதுதான் சுலபம். ஒருநாள் புரோக்கர் வந்து மதுரை வீட்டை அளக்க ஆரம்பித்தபோதுதான், எதற்கு 'சரி' சொல்லியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. மறுநாளே மகளோடு காது பரிசோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

மகளுக்குப் பிடித்தது, காதுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டி மிஷின். மாட்டியதும் அம்மா முகம் சுளித்தார். "என் குரலே குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குடி!" துவாரம் அடைபட்டால் சொந்தக் குரல் உள்ளேயே முழங்கும் என்றார் ஆடியாலஜிஸ்ட். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10-ம் நம்பர் பேட்டரி வேறு, மூட்டுவலி விரல்களில் நழுவி நழுவி விழுந்தது.

அடுத்தது காதுக்குப் பின்னால் உட்காருவது. மெல்லிய ஒயர், நுனியில் துளையுள்ள சிலிகான் மூடி. குரல் இயல்பாக இருந்தது. 13-ம் நம்பர் பேட்டரி, கைக்கு அடங்கியது. ஆனால் மூக்குக்கண்ணாடியின் காம்பும் அதுவும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டன. (கண்ணாடி போடுபவர்கள், அதோடு போய்த்தான் மிஷின் பார்க்க வேண்டும்.) காம்பை லேசாக வளைத்த பிறகு சரியானது.

அமைதியான அறையில் எந்த மிஷினும் நன்றாகத்தான் கேட்கும். அதனால் மாட்டிக்கொண்டே தெருவுக்கு இறங்கினார். பஸ் ஹார்ன் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பூக்காரம்மா சொன்ன விலை, திரும்பக் கேட்காமலே புரிந்தது. பலத்த சத்தங்களை மட்டும் கம்ப்யூட்டரில் குறைத்துக் கொடுத்தார்கள்.

"வெளியே தெரியுமேம்மா?"

"தெரியட்டும். அப்பத்தான் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். "அட்வான்ஸ் வாங்கிடலாமாம்மா?"

"வேண்டாம்ப்பா. வீட்டை விக்கிறதா இல்லை."

மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டதுகூட அம்மாவுக்குக் கேட்டது.