ஹான்லேயில் பால்வீதி

லடாக்கின் லே நகரிலிருந்து சிந்து நதியை ஒட்டியே வண்டி ஓடி, நியோமா தாண்டி ஹான்லே வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. மரம் இல்லாத மலைகள். குன்றின் உச்சியில், 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்தது. அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தது எங்கள் ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவில். இமயத்தின் மறுபக்கத்தில் அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இருட்டியதும் தெற்கு மலைமுகட்டிலிருந்து உச்சிவானம் வரை பால்வீதி எழுந்து நின்றது. தட்டையான ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் உள்ளே இருந்துகொண்டு, அதன் தட்டைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். அதனால்தான் இப்படிப் பட்டையாகத் தெரிகிறது.

அந்தத் தட்டு உருவான கதையை விண்மீன்களின் ஒளியே சொல்கிறது. எந்த வாயுவில் ஒரு விண்மீன் பிறந்ததோ, அந்த வாயுவின் கலவை விண்மீனின் மேற்பரப்பில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் மக்னீசியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று படித்துவிடலாம். பெருவிண்மீன்கள் சீக்கிரமே வெடித்து மக்னீசியத்தைத் தூவுகின்றன. இரும்பில் பெரும்பங்கு வெண்குள்ள விண்மீன்கள் வெடிக்கும்போது, மிகத் தாமதமாக வருகிறது. ஆகவே இரும்பை ஒப்பிட மக்னீசியம் மிகுந்த விண்மீன், பழைய தலைமுறை. இந்திய வானியலாளர் ஈஸ்வர் ரெட்டியும் டேவிட் லாம்பர்ட்டும் இன்னொருவரும் 2006இல் 176 விண்மீன்களை இப்படி அளந்தார்கள். நம் மண்டலத்தின் தட்டில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என இரு பகுதிகள். தடித்த தட்டில் இருப்பவை முதியவை, மக்னீசியம் மிகுந்தவை. மெல்லிய தட்டு பிற்பாடு வந்தது.

மெல்லிய தட்டு உள்ளிருந்து வெளியே வளர்ந்தது. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களும் ஒரே காலத்தில் எழுந்தவையா என்ன? ராஜகோபுரம் 1987இல்தானே முடிந்தது! ஆனால் கோயில் கல் இடம் பெயராது, விண்மீன் பெயரும். 460 கோடி வயதான நம் சூரியனே மையத்துக்கு இன்னும் அருகில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய பயணக் கதை தெரியாது.

ஹான்லே வரை போக இயலாத திருச்சிக்காரர்கள் சித்திரை அமாவாசையில், விடியலுக்கு முன், பிள்ளைகளோடு பச்சைமலை ஏறுங்கள். தெற்கே தனுசு ராசியைத் தேடுங்கள். பால்வீதியின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.