அவன் பேசியது இந்தி அல்ல

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

எர்ணாவூரில் எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு வாடகை அறைகள் உண்டு. அந்த வாடகையில்தான் என் படிப்பு நடக்கிறது என்றால் மிகையாகாது. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நகராமல் நிற்கும் நாட்களில் அவருடைய வரும்படியும் நகராது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, அந்த அறைகளில் குடியிருப்பவர்கள்மீது எனக்கு மரியாதை இருந்திருக்க வேண்டும். இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அறைக்கு ஆறு பேர். மணலியிலும் திருவொற்றியூரிலும் கன்டெய்னர் கிடங்குகளிலும் பட்டறைகளிலும் வேலை. எங்கள் தெரு அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ஒன்றே ஒன்று: இந்திக்காரர்கள். கூப்பிடுவதானால் 'பையா'. அவர்கள் தமக்குள் பேசுவது தினமும் என் காதில் விழும். அது இந்திதானா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. மணி பதினொன்று இருக்கும். மறுநாள் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து முனகல் கேட்டது. மற்றவர்கள் இரவு வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தவன் ஒருவன்தான், என் வயதுப் பையன். வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு கிடந்தான். "ஹாசோ, ஹாசோ" என்றான். அப்பா ஊரில் இல்லை. ஆயா என்னை உலுக்கி, "டேய், நின்னுகினு இருக்காதே, ஆட்டோவைப் புடி" என்றாள்.

மருத்துவமனையில் சீட்டு எழுதுமிடத்தில் பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் பிடிப்பவர் அவனை 'ராஜூ' என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அதையே சொன்னேன். வயது, இருபது என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். "என்ன பாஷை?" என்று சிஸ்டர் கேட்டார். சற்றும் தயங்காமல் "இந்தி" என்றேன்.

அந்த அம்மையார் நல்லவர். உடனே வாசலில் இருந்த காவலாளியை அழைத்து வந்தார். காவலாளி பீகார், தர்பங்கா பக்கத்துக்காரர். அவர் இந்தியில் கேட்டார். வலி இன்று தொடங்கியதா? ஆம் என்று தலையசைத்தான். நேற்றிலிருந்தா? அதற்கும் ஆம். மாத்திரை ஏதும் சாப்பிட்டாயா? ஆம். சாப்பிடவில்லையா? ஆம். நடுவில் மீண்டும் "ஹாசோ" என்றான். காவலாளி குழம்பிப் போய், "சிரி, சிரி என்கிறானே" என்றார். இந்தியில் 'ஹன்ஸோ' என்றால் சிரி என்று பொருளாம். பிறகு அவரே என்னைப் பார்த்து, அரைத் தமிழில், "தம்பி, இவனுக்கு இந்தி வராது. நானே வீட்டில் பேசறது மைதிலி" என்றார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. கிடங்கில் வேலை செய்யும் ஓர் அறைத் தோழரின் எண் ஆயாவிடம் இருந்தது. பத்து முறை அடித்த பிறகு எடுத்தார். அவர் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துக்காரர். போனைப் பையனின் காதில் வைத்தோம். அவன் அழுதுகொண்டே பேசினான். அப்போதுதான் விவரம் வந்தது. அவன் பேசுவது சந்தாலி. 'ஹாசோ' என்றால் வலி. இரண்டு நாட்களாகவே வலியாம். கூலி போய்விடுமே என்று, கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றபடி வேலைக்குப் போயிருக்கிறான். மாத்திரை வலியை மறைத்திருக்கிறது. குடல்வால் அழற்சி. விடிவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். நான் சொன்ன 'இந்தி' என்ற ஒரு சொல்லால் முக்கால் மணி நேரம் வீணாயிற்று.

காலையில் வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்தபடி, "ரங்கூன்ல நம்ம எல்லாரையும் கலான்னுதாண்டா சொல்லுவான்" என்றாள்.

என் ஆயா ரங்கூனில் பிறந்தவள். 1931 கணக்கெடுப்பில் அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கர், வட்டிக்கடை வைத்த செட்டியார், சிட்டகாங்கிலிருந்து வந்த படகோட்டி, குஜராத்தி வியாபாரி, ஒடியாத் தொழிலாளி, ஆயாவின் இராமநாதபுரத்துத் தகப்பனார் என எல்லாரும் பர்மியர் வாயில் 'கலா'தான். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறு வருடம், பதின்மூன்று வயதில், ஆயா மதராஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கினாள். இறங்கியதும் அவளுக்கு வேறு பெயர் கிடைத்தது: பர்மாக்காரி.

அந்தப் பெயருக்குள்ளும் எத்தனை பேர்! தஞ்சாவூர்க்காரர், சீகாகுளத்துத் தெலுங்கர், இராவுத்தர், பர்மியத் தாய்க்குப் பிறந்து தமிழே அரைகுறையாகப் பேசிய பிள்ளைகள். எண்ணூரில் பர்மா நகர் என்று பெயரே வைத்தாயிற்று. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் இன்று நாம் வரிசையில் நின்று அத்தோ தின்கிறோம். ஆயாவோ இன்றும் பணம் எண்ணும்போது பர்மிய மொழியில்தான் எண்ணுவாள். பள்ளியில் என்னைப் 'பர்மாக்காரன் பேரன்' என்று கேலி செய்தவனோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் பக்கத்து அறைப் பையனை 'இந்தி' என்று சீட்டில் எழுத வைத்தேன்.

இது நம் ஊரின் வழக்கம் மட்டும் அல்ல. நூலகத்தில் தேடியபோது அமெரிக்கக் கதை ஒன்று கிடைத்தது. அங்கே 1930 கணக்கெடுப்பில் இந்தியர் எல்லாரையும் 'ஹிந்து' என்ற ஒரே இனமாகப் பதிந்தார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்! கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் அவர்களில் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். 1980 முதல் அங்கே ஒவ்வொருவரிடமும் 'ஹிஸ்பானியரா?' என்று தனியே கேட்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்களோ! மயாமியின் கியூபரும், நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கரும், லாஸ் ஏஞ்செல்ஸின் மெக்சிகரும் அந்த ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். அந்த மெக்சிகரிலும் ஓவஹாக்கா மாநிலத்திலிருந்து வந்த சபோடெக் மக்களுக்கு வீட்டு மொழி ஸ்பானிஷ் அல்ல. மருத்துவமனையில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால் அவர்களில் சிலர் மரியாதைக்குத் தலையசைப்பார்களாம். இதைப் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

சந்தாலியைப் பற்றியும் தேடினேன். 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட மொழி அது. தனி எழுத்தும் உண்டு. ஓல் சிக்கி என்று பெயர். மயூர்பஞ்சைச் சேர்ந்த இரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கியது. இந்தியோடு அதற்கு இரத்த உறவே இல்லை. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். பர்மாவில் மௌல்மீன் பக்கத்து மோன் மக்கள் பேசும் மொழியும் அதே குடும்பம்தான்! இதை ஆயாவிடம் சொன்னேன். "அட, அப்ப இவன் மௌல்மீன்காரனுக்கு ஒறமொறையா?" என்று வியந்தாள். அன்று முதல் அவனுக்குக் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. மருத்துவமனைத் தாள்கள் எல்லாவற்றிலும் அவன் பெயர் 'ராஜூ' என்றே இருந்தது. ஆதாரில் இருந்ததோ வேறு பெயர். வேலைக்கு வராத நாட்களுக்கு மருத்துவச் சான்று கேட்ட இடத்தில், "இது நீ இல்லையே" என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, பிழை என்னுடையது. மூன்று நாள் வகுப்புக்கு மட்டம் போட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு அலைந்து, பெயரைத் திருத்தி வாங்கினேன். (வேதியியல் செய்முறை வகுப்புக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்ட எங்கள் பேராசிரியருக்கு இதுவே பதில்.) திருத்திய தாள் கைக்கு வந்ததும் அவன் பேனாவை வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஓல் சிக்கியில் தன் பெயரை எழுதிக் காட்டினான். வட்ட வட்டமான எழுத்துகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் வாயால் சொல்ல, நான் தமிழில் எழுதிக் கொண்டேன்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து அவன் தன் தாயோடு போனில் பேசிக் கொண்டிருந்தான். என்னைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அதில் எனக்குப் புரிந்த சொல் ஒன்றுதான்: 'மதராசி'.

"ஏம்பா, மதராசின்னு ஒரு ஊரு இருக்குதா, பாஷை இருக்குதா?" என்று கேட்டேன்.

ஆயாவுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.