எந்த நாட்டுக் குரல், எந்த நாட்டுப் புத்தகம்

பாப்பா, டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டெழுதும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாய். ஒரு பெயரைச் சொல்லி உன்னை அனுப்பிவிடலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் நீ விசாரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் காதில் விழப்போகிற குரல் எந்த நாட்டு டாக்டருடையது? அது தெரியாமல் வாங்கும் புத்தகம், அவசரத்துக்குத் தேடும்போது கைகொடுக்காது.

நம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து மதுரை, கோவை, சென்னை என்று இந்த வேலைக்குப் போன பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷனைத்தான் கேட்டார்கள். காய்ச்சல் என்றால் நம் மெடிக்கல் ஷாப்பில் டோலோ, க்ரோசின் என்போம். உள்ளே இருக்கும் மருந்து பாராசிட்டமால். அமெரிக்க டாக்டர் டைலினால் என்பார், மருந்துப் பெயரைச் சொன்னால் அசிட்டமினோஃபென் என்பார். இரண்டும் ஒரே மருந்து. மூச்சுத்திணறலுக்கு இங்கே சால்பூட்டமால், அங்கே ஆல்புடெரால். இங்கே அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். நம் ஊர் மருந்துக் கடையிலும் கிளினிக்கிலும் புரட்டப்படும் சிம்ஸ் நல்ல புத்தகம், ஆனால் அது இந்திய பிராண்டுகளுக்கானது. அமெரிக்க டிக்டேஷனை அதில் வைத்துத் தேடினால் கிடைக்காது. கிடைத்தது போலத் தோன்றினால் இன்னும் ஆபத்து. ஃப்ளோமேக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பது ப்ராஸ்டேட் தொந்தரவுக்கான மாத்திரை. அதே பெயரில் இத்தாலியில் விற்றது அழற்சிக்கான வேறு மருந்து. பெயர் அச்சு அசலாக ஒன்றுதான்.

எழுத்துக்கூட்டலிலும் இதே கதைதான். ரத்தசோகை, உணவுக்குழாய், ரத்தவியல் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் பிரிட்டிஷ்காரர்கள் ஓர் எழுத்து கூட்டி எழுதுவார்கள், அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரிட்டிஷ் முறை. கை பழகியபடி எழுதினால் அமெரிக்க ரிப்போர்ட்டில் அது பிழை.

இனி அகராதிக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் இரண்டு பெயர்கள் நிலைத்தவை. டார்லண்ட் 1900இல் வந்தது, ஸ்டெட்மன் 1911இல். இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை, பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டு வருபவை. இரண்டில் எது கிடைத்தாலும் போதும், இரண்டையும் வாங்க வேண்டாம். ஆனால் தேடும் முறையை முதல் நாளே கற்றுக்கொள். க்ரோன் டிசீஸ் என்று காதில் விழுந்தால் நீ 'க்ரோன்' என்ற இடத்துக்குப் போவாய். விளக்கம் 'டிசீஸ்' என்ற பெரிய தலைப்பின் கீழே, நூற்றுக்கணக்கான டிசீஸ்களுக்கு நடுவில் இருக்கும். தமனிகளும் அப்படித்தான், நரம்புகளும் அப்படித்தான். இரண்டு சொல் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் கீழே பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், அகராதியில் சொல்லே இல்லை என்று மூடி வைத்துவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்படும்.

இன்னொரு சங்கடம், முதல் எழுத்தே காதில் விழாத சொற்கள். நிமோனியா, சோரியாசிஸ், டோசிஸ் மூன்றும் ஆங்கிலத்தில் 'பி'யில் தொடங்குகின்றன. அந்த 'பி' வாய்க்கு வருவதே இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்புக்கும் 'இலியம்' என்று ஒரே ஓசையில் பெயர். எழுத்தில் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் மாறும். டாக்டர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா, இடுப்பைப் பற்றிப் பேசுகிறாரா என்று உனக்குப் புரிந்திருந்தால்தான் எந்த எழுத்து என்று தெரியும். அகராதியில் இரண்டு சொல்லும் இருக்கிறது, இரண்டும் சரியான ஸ்பெல்லிங். தேர்ந்தெடுக்க வேண்டியது நீ.

அதனால்தான் சொல்கிறேன், அகராதிக்கு முன்னால் உடம்பைப் படி. இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். நர்சிங் படிக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் ராஸ் அண்டு வில்சன் போதும். நம் ஊரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. முதல் வருஷம் முடித்த பிள்ளை யாராவது தெரிந்தால் சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகத்தை இரவல் கேள். பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அச்சான புத்தகத்திலும் கல்லீரல் அதே இடத்தில்தான் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வை. ராஸ் அண்டு வில்சன் பிரிட்டிஷ் புத்தகம். படத்தையும் விளக்கத்தையும் அதில் படி. ஸ்பெல்லிங்கை அமெரிக்க அகராதியில் சரிபார்.

மருந்துப் புத்தகத்தைப் பழசாக வாங்காதே. மதுரையில் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆசையாக இருக்கும். வேண்டாம். வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரை 2004இல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய புத்தகத்தில் அது இன்னும் விற்பனையில் இருக்கும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் லோசெக்கின் பெயரை 1990இல் அமெரிக்காவில் ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். நீர் பிரியச் செய்யும் லேசிக்ஸோடு அது குழம்பியதுதான் காரணம். செலிப்ரெக்ஸ், செலெக்ஸா, செரிபிக்ஸ் என்ற மூன்றையும் வேகமாகச் சொல்லிப் பார்: ஒன்று மூட்டுவலிக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு, ஒன்று வலிப்புக்கு. நோயாளிக்கு என்ன நோய் என்று ரிப்போர்ட்டின் மேற்பகுதியைப் படித்தவளுக்குத்தான் எந்த மருந்து என்று பிடிபடும். இப்போது அமெரிக்க அரசின் டெய்லிமெட் தளத்தில் அங்கே விற்கும் மருந்துகளின் லேபிள் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த அளவில் மாத்திரை, எந்த அளவில் ஊசி என்று அதிலேயே இருக்கும். டாக்டர் சொன்னதாக உனக்குக் கேட்ட அளவில் அந்த மாத்திரையே கிடையாது என்றால், உன் காது தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

அளவு என்றதும் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 2008இல் அலபாமா மாநிலத்தில் நீரிழிவு நோயாளி ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்சுலின் 8 யூனிட் என்றிருக்க வேண்டியது 80 என்று பதிவானது. தட்டெழுதும் வேலை கைமாறிக் கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. அந்தப் பெண் இறந்துபோனார். 2012இல் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். எங்கோ முகம் தெரியாத ஒருத்தி. அவளுடைய உயிர் நம் நாட்டில் ஒரு கம்ப்யூட்டரில் விழுந்த ஒரு சைபரைத் தாண்டிப் போக முடியவில்லை. இதைப் படித்ததிலிருந்து எண் வரும் இடத்தில் ஆடியோவைத் திரும்பக் கேட்காமல் நான் நகர்ந்ததில்லை.

இதற்காகவே ஸ்டைல் புத்தகம் ஒன்று தேவைப்படுகிறது. டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்களுக்கு அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய சங்கம் 1995இல் 'புக் ஆஃப் ஸ்டைல்' வெளியிட்டது. அதன் பிந்தைய பதிப்புகளும் உண்டு. எண்ணை எப்படி எழுதுவது, சுருக்கத்தை எங்கே விரிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அங்கே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் விலக்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலையும் வெளியிட்டது. யூனிட் என்பதற்கு 'யு' என்ற ஒற்றை எழுத்துப் போட்டால் சைபராகத் தெரியும், ஆகவே முழுச்சொல்லாக எழுது. 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 50. அரை மில்லிகிராமை வெறும் புள்ளி 5 என்று எழுதாதே, முன்னால் சைபர் போடு. அந்தப் பட்டியல் இலவசம். பிரின்ட் எடுத்து மேசைக்கு எதிரே ஒட்டு.

எல்லாம் பார்த்தும் சொல் பிடிபடவில்லையா? பிளாங்க் விடு. எத்தனாவது நிமிஷம், எத்தனாவது நொடி என்று குறித்து தரம் சரிபார்க்கும் க்யூ.ஏ. பிரிவுக்கு அனுப்பு. பிளாங்க் விட்டால் திட்டுவார்கள் என்று பயந்து பொருத்தமாகத் தோன்றும் சொல்லைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த இட்டுநிரப்பல்தான் இந்தத் தொழிலின் பெரிய பாவம். காலியிடம் இருந்தால் டாக்டர் கண்ணில் படும். தப்பான சொல் படாது.

வேலை மாறிவிட்டது, அதையும் மறைக்க மாட்டேன். இப்போது முதல் பிரதியை மெஷினே எழுதிவிடுகிறது. மனுஷர் பெரும்பாலும் திருத்துகிறவர். சிலர் நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் பக்கம் போய்விட்டார்கள். அதற்கான சி.பி.சி. தேர்வில் அனுமதிக்கப்பட்ட கோடு புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம். பக்கம் புரட்டத் தெரிந்தவளுக்கு அது கைகொடுக்கும். ஆகவே கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன், தற்போது வேலையில் இருப்பவர்களிடம் போய்க் கேள், இன்ஸ்டிடியூட் வாசலில் கேட்காதே. மெஷின் எழுதுவது சரளமாக இருப்பதால் பிழை உறுத்தாது. அதற்கும் அகராதியும் லேபிளும்தான் சாட்சி. சாட்பாட்டிடம் சந்தேகம் கேட்கலாம், ஆனால் அதன் பதிலை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றாதே. நோயாளியின் பெயர், தேதி, ஆடியோ எதையும் அதற்குள் போடாதே. அமெரிக்காவில் 1996ஆம் வருஷத்து ஹிப்பா சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அடுத்தவர் வீட்டு ரகசியம்.

அம்மா மில்லில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு என்று சொன்னாய். அப்படியானால் ராஸ் அண்டு வில்சன் இரவல், டெய்லிமெட் இலவசம். டார்லண்டோ ஸ்டெட்மனோ முந்தைய பதிப்பாகப் பாதி விலைக்குத் தேடு. ஸ்டைல் புத்தகத்தை வேலை கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்கென்று தனி முறையும் இருக்கும். மிச்சப் பணத்துக்கு, இரண்டு காதையும் நன்றாக மூடும் ஒரு ஹெட்போன் வாங்கு.