காரையாற்றில் குடில்

ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் இரண்டு பேச்சுதான். ஒன்று கோமதியம்மாள் தபசு, இன்னொன்று காரையாறு. தபசுக்கு ஊர் ஊராக ஜனம் இங்கே வந்து குவியும். ஆடி அமாவாசைக்கோ இங்கிருந்து பல குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பும். கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிற வழக்கம் கிடையாது. தாமிரபரணிக் கரையில், மலைக்காட்டுக்குள் குடில் போட்டுத் தங்க வேண்டும், பொங்கிச் சாப்பிட வேண்டும், ராத்திரி வில்லுப்பாட்டு கேட்க வேண்டும். காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவதை ஏதோ புதுசாக வந்த பழக்கம் என்று நினைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பாட்டிகள் கைக்குழந்தையோடு போய் அதைச் செய்தவர்கள் என்பதை ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திட்டம் போட உட்கார்ந்தால் முதல் கேள்வி நாள் கணக்குதான். “ஏ மதினி, இந்த வருசம் எத்தன நாளைக்கு விடுதாவளாம்?” என்று அத்தை கேட்பாள். முன்னெல்லாம் கால்நாட்டியதில் இருந்து பத்து நாளுக்கு மேலேகூடத் தங்கியவர்கள் உண்டு. மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்களுக்கென்று வழக்கமான இடத்தில் குடில் போடுவார்கள். இப்போது கீற்றுக்குப் பதில் தார்ப்பாய். நாளையும் இடத்தையும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் கூட்டம் போட்டு முடிவு செய்கின்றன. சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, அகஸ்தியர்பட்டியில் இருந்து அரசுப் பேருந்தில் போக வேண்டும். பாபநாசம் சோதனைச்சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். பாலித்தீன் பையும் மதுபாட்டிலும் அதற்கு மேலே போகாது.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. “அய்யனைப் பாக்கதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்?” என்பார் சித்தப்பா. எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. ஆனாலும் கட்டுப்பாடுகள் சரி என்றே சொல்வேன். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். முண்டந்துறை 1962-இல் சரணாலயமானது, களக்காடு 1976-இல். இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். புலியும் யானையும் சிங்கவால் குரங்கும் வாழும் காடு இது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சோறு போடும் தாமிரபரணி இறங்கி வரும் வழியும் இதுதான். திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்குக் கட்டுப்பாடு ஏன் என்று அதிகம் விளக்க வேண்டாம். பாறை இடுக்கில் ஷாம்பு உறை, வேர்களில் சுற்றிக் கிடக்கும் ஈரத்துணி, மிளா வந்து முகரும் எச்சில் இலை. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், திருவிழாவால் காட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து எடுத்துச் சொல்லி வருகிறது.

அதனால் எங்கள் சாமான் பட்டியலும் மாறிவிட்டது. எவர்சில்வர் தட்டு, தம்ளர் ஆளுக்கு ஒன்று. மசாலாப் பொடி, எண்ணெய், கருப்பட்டி எல்லாம் தூக்குவாளியிலும் டப்பாவிலும். குப்பையைத் திரும்பக் கொண்டு வருவதற்கென்றே இரண்டு சாக்கு. சோப்பு கிடையாது, சீயக்காயும் கடலைமாவும் போதும். ஆடிச் சாரல் அங்கே நின்று பெய்யும் என்பதால் கயிறும் தார்ப்பாயும் தாராளமாக வேண்டும். குடிலைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிட்டால்தான் படுக்கை நனையாது. ஆற்றை ஒட்டிப் படுக்கவே கூடாது, மேலே மழை வலுத்தால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. அட்டைக்குக் கல் உப்பைத் துணியில் முடிந்து, நனைத்துக் காலில் ஒற்றிக்கொள்வோம். அம்மா சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டலமாக முந்தியில் முடிந்துகொள்வாள், விஷ ஜந்து அண்டாது என்பது அவள் நம்பிக்கை. நான் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வேன். இரண்டும் இல்லாமல் நாங்கள் வண்டி ஏறுவதில்லை.

வீரசிகாமணி, சுரண்டை, பாவூர்சத்திரம், கடையம் என்று போகும் வழி. கரிசல் விட்டு வயல் வர, வயல் தாண்டி மலை நெருங்க நெருங்கக் காற்று மாறுவது பேருந்து ஜன்னலிலேயே தெரியும். முண்டந்துறைக்கு மேல் மரங்கள் சாலையை மூடிவிடும்.

கோயிலில் பிள்ளைகள் முதலில் ஓடுவது மணிவிழுங்கி மரத்திடம். வேண்டுதலுக்காகக் கட்டிய வெண்கல மணிகளை அந்த மரம் பட்டையை வளர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு மணியின் விளிம்பு மட்டும் உதடுபோல் வெளியே நின்றதை என் விரலால் தடவியிருக்கிறேன். வெண்கலம் சில்லென்று இருந்தது, அதைச் சுற்றிய பட்டை மழையில் ஊறி மெதுமெதுவென்றிருந்தது. பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகத் தோல் செருப்புகள் தொங்கும். சங்கிலி பூதத்தார் முன்னால் சாமியாடிகள் இரும்புச் சங்கிலியை மாரில் அடித்துக்கொள்ளும் ஓசை ராத்திரியில் குடில் வரை கேட்கும். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் மறையும் வரை, அமாவாசையன்று ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுத்தார். அந்த வரிசையில் நின்றதை அத்தை இன்றும் பெருமையாகச் சொல்வாள்.

திருவிழாக் கூட்டம் வேண்டாம், காடு மட்டும் போதும் என்கிற மச்சான் மகன்களுக்கு நான் சொல்வது வேறு. புளியங்குடி, சிவகிரிப் பக்கம் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது என்பதற்காகத் தெரிந்த ஆளைப் பிடித்து ஏறிவிடக் கூடாது. அதுவும் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் பலியானதை நாம் மறந்துவிட முடியாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் தமிழக அரசு 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டியோடு காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

ராத்திரி தங்கியே தீர வேண்டும் என்றால் கேரளத்துத் தென்மலை. சங்கரன்கோவிலில் ரயிலேறினால் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுச் சுரங்கத்தைக் கடந்து, கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தின் மேல் போய் இறங்கலாம். 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை, அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. அங்கே இருக்கிற செந்துருணிச் சரணாலயத்துக்கு 1984-இல் பெயர் வைத்தது ஒரு மரத்தின் பேரால்தான், செங்குறிஞ்சி. கேரள வனத்துறையே தங்குமிடமும் வழிகாட்டியும் தருகிறது, முன்பதிவு மட்டும் முக்கியம். போனதும் முதல் வேலையாக மரங்களில் செங்குறிஞ்சி எது என்று கேளுங்கள் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆடிக்குக் காரையாற்றுக்கு எத்தனை நாள் விடுவார்கள் என்று இன்னும் அறிவிப்பு வரவில்லை. கட்டுப்பாட்டோடு சேர்த்து இரண்டு கேட்கலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு. பெண்களுக்குப் போதுமான கழிப்பறையும், வயதானவர்களுக்குக் குடில் வரைக்கும் சாமான் ஏற்றிப் போக ஒரு வண்டியும் வேண்டும். அத்தைக்கு இப்போது முழங்கால் வலி. மனு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்து வாங்கும் வேலையை அத்தை தொடங்கிவிட்டாள்.