சாய்வு கேட்கும் ஓடு

"சீட்டைக் கழட்டிப் போட்டு ஓட்டை ஏத்த ஓடாவி எதுக்கு? ரெண்டு பொடியன் காணும்." இந்தப் பேச்சைச் சவளக்கடையிலும் கேட்கிறேன், கிட்டங்கி தாண்டிக் கல்முனைக்குப் போனால் அங்கேயும் கேட்கிறேன். ஹாட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற தம்பிகூடச் சொல்கிறார். கூரை மரவேலை செய்யும் ஓடாவி நான், எனக்குக் கோபம் வருகிறது. வாயால் சொல்லிக் கேட்காதவர்கள் வாசித்தாவது பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு முன்பக்கம் இழுத்துக் கட்டிய விறாந்தைகள் எங்கள் ஊர்களில் ஏராளம். மேலே அஸ்பெஸ்டஸ் சீட், அல்லது வெளிச்சம் விழும் பிளாஸ்டிக் சீட். கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் பகலில் அதற்குக் கீழே இருக்க ஏலாது. மருதமுனையில் அப்படியான கூரைக்குக் கீழே தறி போட்டிருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இத்தனை வருசம் வெந்தவர்கள் இப்போது ஓட்டுக்குத் திரும்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் சீட்டுக்கு அடித்த மரத்திலேயே ஓட்டை அடுக்கச் சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக் சீட் சதுர மீற்றருக்கு 2 கிலோ வந்தால் பெரிது. அஸ்பெஸ்டஸ் 15 கிலோ அளவில் நிற்கும். கள்ளிக்கோட்டை ஓடு ஒன்றே இரண்டரை கிலோவுக்கு மேல், சதுர மீற்றருக்கு 15 ஓடாவது வேண்டும். 40 கிலோவை அந்த மெல்லிய கைமரம் தாங்குமா? மாரியில் ஓடு தண்ணீர் குடித்தால் பாரம் இன்னும் ஏறும். முதல் வருசம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மாரியில் நடு தொய்யும், தொய்ந்த இடத்தில் ஓட்டுக்கு ஓடு வாய் பிளக்கும். பனங்கைமரம் கிடைத்தால் அதற்கு மேல் வேறில்லை. கிடைக்காவிட்டால் இடையில் ஒரு வளை கொடுக்காமல் நான் ஏறுவதில்லை.

பாரத்தைக்கூட மரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். சாய்வுதான் என்னை வாழ்நாள் முழுக்க அலைக்கழித்தது.

சீட்டுக்குச் சாய்வு பெரிதாக வேண்டியதில்லை. 10 அடி ஆழமான விறாந்தைக்கு 2 அடி ஏற்றம் காணும். ஓட்டுக்கு அப்படி முடியாது. அடிக்கு ஆறு அங்குலம் என்பது நான் ஒத்துக்கொள்ளும் கடைசி அளவு. வாடை மழை நேரே விழுவதில்லை, கடலில் இருந்து குறுக்கே அடிக்கும். சாய்வு குறைந்தால் தண்ணீர் ஓட்டின் வாய்க்குள் மேல்நோக்கி ஏறும். அந்தக் கணக்கில் 10 அடிக்கு 5 அடி ஏற்றம் வருகிறது. தாழ்வாரத்தை 7 அடியில் வைத்தால் விறாந்தைக் கூரை 12 அடியில் சுவரைத் தொட வேண்டும். ஆனால் பெரிய வீட்டின் தாழ்வாரமே 10 அடியில் அல்லவா நிற்கிறது! எங்கே கொண்டுபோய் முட்டுவது?

என் மாமாதான் எனக்குத் தொழில் தந்தவர். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு இந்தக் கரையில் அவர் திருப்பி வேய்ந்த கூரைகளை எண்ண முடியாது. காற்று முதலில் தூக்குவது தாழ்வார வரிசையையும் முகட்டையும்தான் என்று அவர் அப்போது கண்டுகொண்டார். கடைசி இரண்டு வரிசையைக் கம்பியால் கட்டாமல் விட்டால் கீழே இறங்க விடமாட்டார். சாய்வு விசயத்தில் அவரிடம் மன்றாட்டம் எடுபடாது. ஒரு வீட்டில் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. முகட்டைத் திருப்பி, பக்கவாட்டில் சாய்வு விடுவோம் என்றேன். 12 அடி அகலத்துக்கு முகடு 3 அடிதான் ஏறும், 10 அடிக்குள் அடங்கும். விறாந்தையின் அகலம் 24 அடி. அப்படியென்றால் இரண்டு முகடு, நடுவில் ஒரு பள்ளம். "அந்தப் பள்ளத்துல எலையும் குப்பையும் நிக்கும் மனே, வருசா வருசம் ஆரு ஏறிக் கூட்டுற?" என்று கேட்டார். பிறகு பெரிய கூரையின் கைமரத்தையே ஒட்டுக் கொடுத்து, அதே சாய்வில் 6 அடி முன்னுக்கு நீட்டி இறக்கினார். விறாந்தையின் ஆழம் 10 அடியில் இருந்து 6 அடியாகச் சுருங்கியது. வீட்டுக்காரருக்கு முகம் கறுத்தது. அந்தக் கூரை இன்றைக்கும் ஒழுகவில்லை. இதை எந்த இரண்டு பொடியன்கள் சேர்ந்து செய்வார்கள்?

இப்போது ஓட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் போடாதவர் இல்லை. போடுவதை யாரும் சரியாகப் போடுவதில்லை. சிலாகைக்கும் ஓட்டுக்கும் இடையில் நசுக்கி விரித்துவிட்டு "இன்சுலேஷன்" என்று காசு வாங்குகிறார்கள். தாள் ஓட்டைத் தொட்டால் சூட்டை அப்படியே வாங்கும். காற்றிடைவெளி இருந்தால்தான் அதன் பளபளப்புக்கு வேலை. கைமரத்துக்கு மேல் தாள், தாளுக்கு மேல் கைமரத்தின் போக்கிலேயே ஒரு அங்குலச் சட்டம், அதன் மேல் சிலாகை, பிறகு ஓடு. மினுங்கும் முகம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். தாளின் கீழ் ஓரம் பீலிக்குள் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டைத் தாண்டிவரும் தண்ணீர் தாழ்வாரப் பலகையை உக்கச் செய்யும். தாழ்வாரத்தில் காற்று நுழைந்து முகட்டில் வெளியேற வழியும் வேண்டும். சிலாகை இடைவெளியைக் கடைக்காரர் சொன்னார் என்று அடிக்காதீர்கள். தங்கொட்டுவை ஓடு, வைக்கால் ஓடு என்று ஒவ்வொரு லொறிக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வரலாம், பத்து ஓட்டை அடுக்கி இழுத்தும் நெருக்கியும் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்குவதைப் பார்த்தால் வயிறு பற்றி எரிகிறது. அந்தத் தூசி புற்றுநோய் தரும் என்று உலகமே ஒத்துக்கொண்டது. 2018 முதல் இறக்குமதிக்குத் தடை என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்ற ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அந்தத் தடையைக் கைவிட்டுவிட்டார்கள். சட்டம் போனாலும் நோய் போகவில்லை. சீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். முகத்தை மூடாமல் எந்தப் பிள்ளையையும் ஏற்றாதீர்கள்.

சில மாதப் படிப்பில் சான்றிதழ் வாங்கி வருகிற தம்பிமார் சதுர அடிக்கு விலை பேசுகிறார்கள். சாய்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. கேட்டால் வேலை கைநழுவும் என்ற பயம். சாய்வுக்கு இடமில்லாத வீட்டில் ஓடு வேண்டாம் என்று சொல்லவும் ஒரு ஓடாவிக்குத் தெரிய வேண்டும். அங்கே நுரை ஒட்டிய தகரச் சீட்டே மேல், நானே அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஓட்டுக்கு முற்பணம் கட்ட முன், உங்கள் விறாந்தையின் ஆழத்தையும், பெரிய கூரையின் தாழ்வாரம் நிலத்தில் இருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து வையுங்கள். அந்த இரண்டையும் கேட்காமல் விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.