விசில் ஏந்திய தலைமையாசிரியர்

சென்ற ஆண்டு துறைகளுக்கிடையே நடந்த கபடிப் போட்டியில் கோட்டு நடுவராக நின்றேன். ஆட்டம் முடிந்தபின் இரு அணியாரும் என்னோடு பேசவில்லை! அன்றுமுதல் நடுவர்கள்மீது எனக்கொரு தனிப் பரிவு. அந்தப் பரிவோடு தேடிப் படித்ததுதான் அமெரிக்கக் கால்பந்து நடுவர் பர்ல் டோலரின் வரலாறு.

அமெரிக்கக் கால்பந்து நம் திடலில் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம்.

டோலர் 1928இல் மெம்பிஸ் நகரில் பிறந்த கறுப்பர். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1951இல் அவ்வணி ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது. ஆண்டிறுதிச் சிறப்பாட்டத்துக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தார்கள். அணியிலிருந்த கறுப்பர்கள் இருவர், டோலரும் ஆலி மேட்சனும். அவர்களை விட்டுவிட்டு வந்தால் அழைப்புண்டு என்றார்கள். அணி மறுத்துவிட்டது. பணமுடையால் பல்கலைக்கழகம் அத்தோடு அந்த அணியையே கலைத்துவிட்டது. நம் அணி ஒன்று இருவருக்காக இப்படி நின்றிருக்குமா? கேட்டுக்கொள்ளவே எனக்குச் சற்று அச்சமாயிருக்கிறது.

மறு ஆண்டு, தொழில்முறை ஆட்டக்காரராகும் வாயிலில் நின்ற டோலருக்கு முழங்கால் முறிந்தது. ஆட்ட வாழ்வு முடிந்தது. ஆசிரியரானார். விசிலையும் கையில் எடுத்தார். 1965இல் தேசியக் கால்பந்து லீக் அவரை நடுவர் குழுவில் சேர்த்துக்கொண்டது. அந்த லீகின் முதல் கறுப்பின நடுவர் அவரே. அப்போது லீகின் ஆணையராயிருந்த பீட் ரோசெல், முன்பு அதே பல்கலைக்கழக அணிக்குச் செய்தி எழுதிக் கொடுத்தவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

டோலரின் வேலை எல்லைக்கோட்டோரம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்நாளில் இரு கம்புகளுக்கிடையே கட்டிய பத்து கஜச் சங்கிலியைக் கொண்டு அதை அளந்தார்கள். அந்தச் சங்கிலிக்காரர்களுக்கு அவரே பொறுப்பு. பந்து எழுமுன் யாரேனும் கோட்டைத் தாண்டினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பயிற்சியாளர்களின் வசைமொழி முதலில் விழுவதும் எல்லைக்கோட்டோரம் நிற்பவர் காதில்தான்.

அக்கால நடுவர்களுக்கு இது பகுதிநேர வேலை. 1968இல் டோலர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். வாரநாட்களில் பள்ளி, ஞாயிறன்று திடல். எது கடினம் என்பதை நம் உடற்கல்வி ஆசிரியரிடம்தான் கேட்கவேண்டும்.

1980 ஜனவரியில் பசடீனாவில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் அவர் நடுவராக நின்றார். கறுப்பர் ஒருவர் அவ்வாட்டத்தில் நடுவராயிருந்தது அதுவே முதல்முறை. கல்லூரி நாளில் தோலின் நிறத்துக்காக ஆடவிடாமல் தடுக்கப்பட்டவரின் தீர்ப்புக்கு அன்று இரு அணிகளும் கட்டுப்பட்டு நின்றன. 25 பருவங்கள் பணியாற்றி ஓய்ந்த அவர் 2009இல் மறைந்தார்.

அவர் படித்த பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி ஒன்றுக்கு, ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்த ஃபீலன் என்ற அரசியல்வாதியின் பெயர் இருந்தது. 2017இல் அதை நீக்கி டோலரின் பெயரைச் சூட்டினார்கள். பெயரை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள் மாணவர்கள்.